ரப்பர் கொட்டகையில் மிதந்த வண்ணங்கள்

2025 ஜனவரி 11, சனிக்கிழமை, காலை ஆறு மணி முப்பத்தைந்து நிமிடம். நாகர்கோவில் சந்திப்பிலிருந்து திருவனந்தபுரம் செல்லும் பயணிகள் ரயிலில் எனக்குச் சன்னலோர இடம் கிடைத்தது. பாறசாலை வரை பத்து ரூபாய்ச் சீட்டு; தொலைவு நாற்பது கிலோமீட்டருக்குச் சற்று மேல். பையில் ஒரு மாற்றுடையும் குடையும் இருந்தன. மடியில் இரண்டு அட்டைகளுக்கு நடுவே நூலால் கட்டிய வெற்றுத் தாள்கள். பருத்திக் கழிவில் செய்த தாள் என்பதால் மடங்கினால் தழும்பு போகாது. அதனால் மடியை விட்டு இறக்கவில்லை.

பழைய கெட்டி அட்டை நூல்களைத் திறந்தால், அட்டையின் உட்புறத்தில் அலை போலவும் இறகு போலவும் பல நிறக் கோடுகள் ஓடும் தாள் ஒன்று ஒட்டியிருக்கும். மார்பிள் தாள் என்பது அதன் பெயர். கெட்டியான நீரின் மேல் நிறங்களை மிதக்கவிட்டு, சீப்பால் கோதி, அதன் மேல் தாளைப் படியவைத்து எடுத்தால் நீரில் இருந்த சித்திரம் தாளுக்கு வந்துவிடும். நாகர்கோவில் கல்லூரியில் எங்கள் முதுகலைத் தமிழ் வகுப்பு நடத்தும் கையெழுத்து இதழை இந்த ஆண்டு அத்தகைய தாள் வைத்துக் கட்டுவது என்று முடிவாயிற்று. நாகர்கோவில் பைண்டிங் கடைக்காரர் எடுத்துக் காட்டியதெல்லாம் அச்சடித்த போலித் தாள். கையால் செய்ததுதான் வேண்டும் என்று நான் நின்றதும், ஒற்றசேகரமங்கலத்துக்குச் சனிக்கிழமைகளில் வந்து இதைக் கற்பிக்கும் செலின் என்பவரின் எண்ணைத் தந்தார். மடியில் இருந்த கட்டு அந்த இதழுக்கான தாள்; அளவு பார்த்துக்கொள்ள எடுத்து வந்தேன்.

தொலைபேசியில் செலின் அக்கா தாளைப் பற்றிப் பேசியது கொஞ்சம்தான். "சனிக்கிழமை வா மக்கா. அண்ணைக்கு எனக்கட்ட படிச்ச ஸ்ரீகலா முதமுதலா தனியா படிப்பிக்கப் போறா. ஒரு ஸ்கூளில இருந்து டீச்சர்மார் வாறாவ. பிடிச்சிருந்தா வெள்ளிக்கிழமை தோறும் அந்த ஸ்கூளில இவதான் டீச்சர். நான் அண்ணைக்கு வாயத் திறக்க மாட்டேன்ண்ணு சொல்லியாச்சு. எனக்குத் துணைக்கு ஒரு ஆளு வேணும்."

குழித்துறையில் ஏறிய ஓர் அம்மா என் எதிரே அமர்ந்து, நான் எங்கே போகிறேன் என்று கேட்டார். சொன்னேன்.

"ஒற்றசேகரமங்கலத்தில ஆரு உண்டு?"

"யாரும் இல்லை. தாள் வாங்கப் போகிறேன்."

"தாளா? மடியிலேயே கட்டு தாள் இருக்கே மோளே."

அவர் இறங்கும்வரை அந்தக் கட்டை இரக்கத்தோடு பார்த்துக்கொண்டே வந்தார்.

7.40. பாறசாலை. நிலையத்துக்கு வெளியே ஒரு கடையில் புட்டும் கடலைக்கறியும் தேநீரும் சேர்த்து ஐம்பத்தைந்து ரூபாய். கடைக்காரர் ஒரே மூச்சில் ஒருவரிடம் மலையாளத்திலும் அடுத்தவரிடம் தமிழிலும் பேசினார்; எந்த இடத்தில் மொழி மாறியது என்று கவனிக்க முயன்றேன், பிடிபடவில்லை. 8.15க்கு காரக்கோணம் வழியாக வெள்ளறடை செல்லும் அரசுப் பேருந்து, கட்டணம் இருபத்தொரு ரூபாய். சாலை ஏறி இறங்கி ஏறியது. இருபுறமும் ரப்பர் மரங்கள். ஒவ்வொன்றின் இடுப்பிலும் சாய்வாய் ஒரு வெட்டு, வெட்டின் கீழே ரப்பர் பால் வடிய ஒரு சிரட்டை.

வெள்ளறடையிலிருந்து ஆட்டோ. ஏழெட்டுக் கிலோமீட்டருக்கு நூற்று முப்பது ரூபாய் கேட்ட ஓட்டுநர், முகவரி சொன்னதும் முகம் மலர்ந்தார்.

"ரப்பர் ஷெட்டில பேப்பர் செய்யித வீடா? ஏறுங்க. எனக்க தங்கச்சிக்க கல்யாணத்துக்கு ஆளு கூப்பிடுத குறிக்கு கவர் அவிய செய்ததாக்கும். ஒண்ணு போல இன்னொண்ணு கிடையாது. அதில ஒரு சங்கடமும் உண்டு. எனக்க மாமன், மத்தவனுக்கெல்லாம் மயிலு, எனக்கு மட்டும் மேகமாண்ணு சண்டைக்கு வந்திட்டாரு."

"பிறகு?"

"பின்ன என்ன, எனக்குண்ணு வச்சிருந்ததை அவருக்குக் குடுத்தேன். அதும் மேகம்தான். கொஞ்சம் பெரிய மேகம்."

9.20. ஓட்டு வீடு ஒன்றின் பின்னால், ரப்பர் தோட்டத்தின் ஓரமாக அந்தக் கொட்டகை இருந்தது. தகரக் கூரை, பாதிச் சுவர். ஒரு மூலையில் பால் தகடு உருட்டும் இரும்பு உருளை இயந்திரம். மேலே குறுக்கும் நெடுக்குமாக மூங்கில்கள். ஒரு பக்க மூங்கில்களில் மஞ்சள் பாரித்த ரப்பர் தகடுகள் தொங்கின. மறுபக்கத்தில் வண்ணத் தாள்கள்: கருநீலத்தில் செம்மண் நரம்புகள், கரியில் வெள்ளைச் செதில்கள், மயில் கண்கள். அவற்றைப் பார்த்த கணத்தில் நான் வந்த வழி முழுவதும் சரியானது என்று தோன்றியது.

நடுவில் நீண்ட பலகை மேல் பத்து அலுமினியத் தட்டுகள் வரிசையாக இருந்தன. ஆழம் குறைந்த, செவ்வகமான தட்டுகள். ரப்பர் பாலை உறையவைக்கும் இவற்றை இங்கே டிஷ் என்கிறார்கள். லுங்கியும் பனியனும் அணிந்த ஒருவர் ஒவ்வொரு டிஷ்ஷையும் மெல்லக் கலக்கிக்கொண்டே போனார். உள்ளே வெண்ணிறத் திரவம். மூக்கை அறுக்கும் வாசனை. நான் வணக்கம் சொல்லி, இதுதான் தாள் செய்வதற்கான கெட்டி நீரா என்று கேட்டேன்.

"இப்பம் கெட்டி இல்ல. ஆசிட் விட்டாச்சு, மதியத்துக்குள்ள கெட்டியாவும்" என்றார் அவர் அன்பாக. "தொட்டுப் போடாதீங்க மக்களே, கை எரியும்."

ஸ்ரீகலாவின் கணவர் மோகனன் அவர்; வீடும் கொட்டகையும் அவர்களுடையவை. நான் அந்த விவரத்தை மனத்தில் இருத்திக்கொண்டிருந்தபோது வீட்டிலிருந்து இரண்டு பெண்கள் வந்தார்கள். முன்னால் வந்தவர் நிறக் கிண்ணங்கள் அடுக்கிய முறத்தை ஏந்தியிருந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும், இஸ்திரி மடிப்புக் கலையாத பருத்திச் சேலை. பின்னால் வந்தவருக்கு இன்னும் நாலைந்து வயது கூடுதல். கழுத்தில் சிறிய சிலுவை, கையில் மரச் சீப்புகள். முன்னவர் பலகையருகே வந்து நின்றார். முறத்தைக் கீழே வைக்கவில்லை.

"மனுஷா, இதில பாலையா ஊத்தினீங்க?"

"பின்ன? நீ வெள்ளம் அளந்து வச்சிருந்தியே."

"எனக்க மாதாவே" என்றார் செலின் அக்கா.

நடந்தது இது. தினமும் காலையில் மோகனன் மரங்களில் பால் சேகரித்துத் திரும்புவதற்குள், ஸ்ரீகலா ஒவ்வொரு டிஷ்ஷிலும் தண்ணீர் அளந்து ஊற்றி வைத்துவிடுவார். அதில் அவர் பாலை விட்டு, ஆசிட் சேர்த்துக் கலக்குவார். திருமணமான நாள் முதல் இதுதான் வழக்கம். மார்பிள் வகுப்பு உள்ள சனிக்கிழமைகளில் மட்டும் டிஷ்களை விட்டுக்கொடுத்து, பாலைத் தகடாக்காமல் அப்படியே சேகரிப்பு வண்டியில் விற்றுவிடுவார். இன்று இரண்டாம் சனிக்கிழமை, வண்டி வராது. அது இருவருக்குமே நினைவில் இல்லை. சாலையில் நின்று பார்த்துவிட்டுப் பாலோடு திரும்பிய மோகனன், பத்து டிஷ்ஷிலும் தண்ணீர் அளந்திருப்பதைக் கண்டார்.

"வண்டி வராதுண்ணு நீ நேத்தே கருதியிருக்கேண்ணும் கிளாஸுக்கு வேற டிஷ் எடுத்திருப்பேண்ணும் நினைச்சேன். எனக்க பெண்ணுக்கு என்ன புத்திண்ணு மனசில மெச்சவும் செய்தேன்."

"அது வெள்ளமில்ல. பாசி."

"கொஞ்சம் வழுவழுப்பு இருந்தது உண்டு. டாங்கு கழுவலியோண்ணு..."

கடற்பாசியைக் காய்ச்சித் துணியில் வடித்தால் கிடைக்கும் கொழகொழப்பான நீர்தான் இந்தக் கலையின் அடிப்படை. நிறம் அமிழாமல் தாங்குவதும், சீப்பு போன கோடு கலையாமல் நிற்பதும் அதனால்தான். நுரையும் குமிழும் அடங்க ஓர் இரவு அசையாமல் இருக்க வேண்டும். முந்தைய மாலை ஊற்றி வைத்த அந்தப் பத்து டிஷ் நீரும் இப்போது ரப்பராகிக்கொண்டிருந்தது. பதினோரு மணிக்கு ஆசிரியர்கள் வருவார்கள்.

செலின் அக்கா கைப்பேசியை எடுத்தார். "ஷீலா டீச்சரிட்ட அடுத்த சனிக்கு வரச் சொல்லுதேன்."

"வேண்டாம் சேச்சி."

"இனி காச்சினா நாளைக்குத்தான் ஆவும்."

"திங்களாழ்ச்ச அவிய தீருமானிக்கும். கிளாஸ் பெயின்டிங் படிப்பிக்கித ஆளு நேத்தே வந்து காட்டிட்டுப் போயாச்சு. இண்ணு நாம வேண்டாம்ண்ணு சொன்னா, அவருதான்." ஸ்ரீகலா முறத்தை இறக்கி வைத்தார். "பச்ச வெள்ளத்தில செய்யிதேன்."

"பச்ச வெள்ளத்திலயா? அது பிரஷ் கழுவுத நேரத்து விளையாட்டாக்கும்."

"விளையாட்டுதான் சேச்சி. பிள்ளையளுக்குத் தானே."

செலின் அக்கா பதில் சொல்ல வாய் திறந்தார். தம் வாக்குறுதி நினைவுக்கு வந்தது போலும், மூடிக்கொண்டார். கைப்பேசி இடுப்புக்குத் திரும்பியது.

வகுப்பு முடிந்து தூரிகைகளை அலசும்போது, விளக்குக் கரி வெறுந்தண்ணீரின் மேல், அதாவது இவர்கள் சொல்லும் பச்ச வெள்ளத்தின் மேல், வளையமாக விரிவதை ஸ்ரீகலா பல மாதங்களாகப் பார்த்திருக்கிறார். செய்தித்தாளின் ஓரத்தைக் கிழித்து அதைத் தொட்டெடுத்தும் பார்த்திருக்கிறார். பாசி நீர் போல அது சொன்னபடி கேட்காது; சீப்பு செல்லாது; காற்று போன போக்கில் போகும். ஆனால் மிதக்கும். ஒரு நிபந்தனை: தாள் நீரை உடனே உறிஞ்ச வேண்டும். பாசி வேலைக்காக இவர்கள் வைத்திருந்த தாள்கள் எல்லாம் படிகார நீரில் தோய்த்துக் காயவைத்தவை. அவற்றில் கரி திட்டுத் திட்டாகத்தான் பிடிக்குமாம்.

நான் என் கட்டை அவிழ்த்தேன்.

"அது உனக்க புக்குக்கு உள்ளதில்லியா?" என்றார் ஸ்ரீகலா. என்னிடம் அவர் பேசிய முதல் வாக்கியம் அது.

"புத்தகம் பிறகு கட்டிக்கொள்ளலாம்."

அவர் ஒரு தாளை எடுத்து, மூலையில் நாக்கு நுனியால் தொட்டு, ஈரம் பரவுவதைப் பார்த்தார். "கொள்ளாம்" என்றார். அதாவது நன்று.

கொட்டகைக்கு வெளியே நான்கு பழைய டிஷ்கள் கவிழ்ந்து கிடந்தன. அவற்றைச் சாம்பலும் தேங்காய்நாரும் கொண்டு தேய்த்தோம். மோகனன் அண்ணன் மூன்றைத் தாமே தேய்த்தார். நான்காவதை நான் தேய்த்து முடித்ததும், வாங்கி மறுபடி தேய்த்தார். கூரையிலிருந்து மழை நீர் சேரும் தொட்டியில் துலாவருஷம் என்னும் வடகிழக்குப் பருவமழையின் மிச்சம் இருந்தது. கிணற்று நீரில் இரும்பு அதிகம் என்பதால் இந்த வேலைக்கு மழை நீர்தான்.

11.05. ஜீப்பில் ஐந்து ஆசிரியர்கள் வந்தார்கள். தலைமையாசிரியை ஷீலா டீச்சர் ஐம்பதைக் கடந்தவர்; கஞ்சி போட்ட சேலை, மெலிந்த, நேரான உடல். தொங்கும் தாள்களை மற்ற நால்வரும் அண்ணாந்து பார்த்தபோது, அவர் மட்டும் குனிந்து தரையில் நீர் ஓடும் சிறு வாய்க்காலைப் பார்த்தார்.

"இந்த வெள்ளம் எங்க போவும்?"

இதுதான் அவர் வந்த காரணம் என்று பிற்பாடு அறிந்தேன். முன்பு ஒருமுறை பள்ளியில் எனாமல் பெயின்டும் மண்ணெண்ணெயும் வைத்து ஏதோ கைவேலை நடந்து, கழுவிய நீர் அருகிலுள்ள குளத்தில் கலந்து, ஊரே பள்ளி வாசலில் வந்து நின்றிருக்கிறது. பதில் சொல்லி ஓய்ந்தவர் இவர்.

"வாழைக்கு டீச்சர்" என்றார் ஸ்ரீகலா. "கரி துணியில நிக்கும். திரும்ப எடுத்து அரைப்போம். வெள்ளம் வாழைக்கு."

அறிவியல் ஆசிரியர் சஜி சார் சட்டைப்பையிலிருந்து லிட்மஸ் தாள்களை எடுத்தார். நேராகப் போய், கையெட்டும் தூரத்தில் இருந்த டிஷ்ஷில் ஒன்றை நனைத்து உயர்த்திக் காட்டினார். தாள் சிவந்திருந்தது. செலின் அக்காவின் விரல்கள் என் முழங்கையை அழுத்தின.

"சார், அது ரப்பர். ஆசிட் விட்டது" என்றார் ஸ்ரீகலா. குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. "சிவக்கலேண்ணா தான் பயப்படணும். எங்க வெள்ளம் இந்தப் பக்கம். இதைப் பாருங்க. கழுவி ஊத்தினதையும் பாருங்க. ரப்பர் வெள்ளம் வாழைக்கும் போவாது, ஓடுத தோட்டுக்கும் போவாது. அதுக்குத் தனிக் குழி உண்டு, அதையும் காட்டுதேன்."

சஜி சார் நான்கு டிஷ்களிலும் நனைத்தார். நீலம் நீலமாகவே இருந்தது. சிரித்தபடி தாளைப் பையில் போட்டுக்கொண்டார். ஷீலா டீச்சர் சிரிக்கவில்லை, ஆனால் மர முக்காலியில் உட்கார்ந்தார்.

பாடம் தொடங்கியது. ஸ்ரீகலா இரண்டு தூரிகைகளை இரண்டு கைகளில் எடுத்தார். ஒன்றில் தேங்காயெண்ணெய் விளக்கின் கரியை அரைத்த மை. மற்றதில் பூந்திக்காய் ஊறிய நீர். பழைய முறையில் நிறத்தை விரியவைக்க மாட்டின் பித்தநீர் செய்யும் வேலையை இங்கே பூந்திக்காய் செய்கிறது. மையின் நுனி நீரைத் தொட்டதும் கரிய வட்டம் ஒன்று உள்ளங்கை அளவுக்கு விரிந்தது. அதன் நடுவில் பூந்திக்காய் நீர், வட்டம் வளையமாயிற்று. மறுபடி கரி, மறுபடி நீர். வளையத்துக்குள் வளையம் என்று முடி அளவு மெல்லிய கோடுகள் சேர்ந்தன. நடுவே ஒரு துளி அவுரி நீலம். பிறகு பாளை விசிறியால், சாம்பலைக் கிளப்பாமல் கனலை ஊதுவது போல, ஒரு வீச்சு. வளையங்கள் நெளிந்து கடலோரக் கோடுகள் போல நீண்டன. தாளின் ஒரு மூலையைப் பதித்து, பாய் விரிப்பது போல மெல்லச் சாய்த்து விட்டார். எடுத்தபோது அந்தக் கணம் முழுவதும் தாளில் இருந்தது.

செலின் அக்கா மூச்சு விட்டது எனக்கு மட்டும் கேட்டிருக்கும்.

"இனி டீச்சர் செய்யணும்" என்று தூரிகைகளை ஷீலா டீச்சரிடம் நீட்டினார் ஸ்ரீகலா.

ஷீலா டீச்சர் தாளை இரு கைகளாலும் தட்டையாகப் போட்டார்; நடுவில் காற்று சிக்கி, முட்டை வடிவில் வெள்ளையாக ஓர் ஓட்டை விழுந்தது. "மூலையில இருந்து, டீச்சர். காத்துக்குப் போவ வழி குடுக்கணும்." இரண்டாம் முறை ஓட்டை இல்லை. இளைய ஆசிரியை ஒருவர் சிவப்பு இல்லையா என்று கேட்டார். கிண்ணத்தில் செம்மண் குழம்பு தயாராகவே இருந்தது. கிணறு தோண்டியவர்கள் குவித்துவிட்டுப் போன மண்ணை அரித்தெடுத்தது. ஸ்ரீகலா மறைக்கவில்லை. ஒரு துளி விட்டார். அது நேராகக் கீழே போய் டிஷ்ஷின் அடியில் படிந்தது.

"மண்ணு கனம் உள்ளது. பாசித் தண்ணியிலதான் நிக்கும். இண்ணு பாசி இல்ல. காலையில எனக்க வீட்டுக்காரர் அதை ரப்பர் ஆக்கிட்டார்." பத்து டிஷ்களையும் கைகாட்டி, நடந்ததை நடந்தபடி சொன்னார். சஜி சார் வாய்விட்டுச் சிரித்தார். மோகனன் அண்ணன் உருளை இயந்திரத்துக்குப் பின்னால் ஏதோ தேடப் போனார்.

ஷீலா டீச்சர் எழுந்தார். "ஒரு கிளாஸில நாப்பது பேர் உண்டு. இஞ்ச நாலு டிஷ். எப்பிடிச் சமாளிப்ப?"

"ஒரு டிஷ்ஷுக்கு நாலு பேர். ஒருத்தருக்குக் கரி, ஒருத்தருக்குப் பூந்திக்காய், ஒருத்தருக்கு விசிறி, ஒருத்தருக்குத் தாள். பின்ன மாறிக்கிடலாம். சண்டை போட்டா நாலு பேருக்கும் படம் கெடும், அதனால போட மாட்டாவ. மிச்சம் உள்ளவிய பிரஷ் செய்ய விழுது இடிக்கட்டும். டிஷ் இன்னும் வேணும்."

"அதுக்கு எங்க போவ?"

"ரப்பர் உள்ள ஊரில டிஷ்ஷுக்கா பஞ்சம் டீச்சர்?"

"நான் தாறேன்" என்று இயந்திரத்தின் பின்னாலிருந்து குரல் வந்தது. "உள்ள இருக்கது என்னண்ணு மட்டும் ஆராவது எழுதி வச்சாப் போரும்."

இம்முறை ஷீலா டீச்சரும் சிரித்தார். அவர் மீந்த நீரைத் துணியில் வடிக்கச் சொல்லி, வடிந்ததை உள்ளங்கையில் ஏந்தி வெளிச்சத்தில் பார்த்தார்; வாழையின் அடிவரை தாமே நடந்து போய் ஊற்றினார். திரும்பி வரும்போது முடிவு செய்திருந்தார்.

"வெள்ளிக்கிழமை கடைசி ரெண்டு பீரியட். திங்கள்வரைக்கும் காக்க வேண்டாம். சின்னக் கிளாசுக்கு இந்தப் பச்ச வெள்ளம் போரும். பாசி பெரிய கிளாசுக்கு, பின்ன. பிரஷ் நாப்பது நீங்க கொண்டு வரணும், ஸ்ரீகலா டீச்சர்."

ஸ்ரீகலா தலையை மட்டும் அசைத்தார். ஜீப் வளைவில் மறைந்த பிறகும் அவர் அதே இடத்தில், தூரிகைகளை இரு கைகளிலும் பிடித்தபடி நின்றார். அவர் பத்தாம் வகுப்பு வரை படித்தது அதே பள்ளியில்தான் என்பதைச் செலின் அக்கா அப்போதுதான் என்னிடம் சொன்னார்.

மதியம் 2 மணி. மரச்சீனி எனப்படும் மரவள்ளிக் கிழங்கும் மீன் கறியும். செலின் அக்காவின் வாக்குறுதி முடிந்துவிட்டதால் அவர்தான் பேசினார். பொழியூரில் கடல்தொழில் செய்யும் குடும்பம். பள்ளி முடிந்ததும் நெய்யாற்றின்கரையில் ஒரு பைண்டிங் கடையில் சேர்ந்து இந்த வேலையைக் கற்றிருக்கிறார். அங்கே எண்ணெய்ச் சாயமும் மண்ணெண்ணெயும்தான்.

"தாளெல்லாம் நல்ல அழகாத்தான் வரும் மக்கா. சாயங்காலம் ஆனா தலைவலி. கழுவுத வெள்ளம் ஓடையில வானவில்லு மாதிரி மினுங்கிட்டுப் போவும். அந்த ஓடை எங்க போவுதுண்ணு கடலுக்காரிக்கு ஆரும் சொல்லித் தர வேண்டாமே."

கடையை விட்டு வந்து, பாசியைக் காய்ச்சிப் பார்த்தும் பூந்திக்காயை ஊறவைத்துப் பார்த்தும் பல தாள்களைப் பாழாக்கிய பிறகுதான் இன்றைய முறை அமைந்திருக்கிறது. கடலரிப்பைத் தடுக்கப் போட்ட கல் வரிசையில் பாசி தழைக்கும். அதை இவர் பறிப்பதில்லை. அலை அறுத்துக் கரையில் ஒதுக்குவதை மட்டுமே இவருடைய தம்பி வாரிக் காயவைத்து அனுப்புகிறார். கல்லில் இருப்பதைப் பறித்தால் மீன் குஞ்சுகளுக்கு ஒதுங்க இடம் இருக்காது என்பது அவர் கணக்கு. பாசி ஒதுங்காத வாரத்தில் வகுப்பும் இல்லை.

"அந்தப் பாசிய ரப்பர் ஆக்கி, எனக்க கிளாஸை பச்ச வெள்ளத்தில நடத்தி, டீச்சர்ண்ணு பேரும் வாங்கிட்டா" என்று ஸ்ரீகலாவின் தட்டில் இன்னொரு மீன் துண்டை வைத்தார். "எடியே, அடுத்த சனிக்கு அந்தப் பச்ச வெள்ளத்தை எனக்கும் படிப்பிச்சுத் தரணும். பீஸ் கேக்கப்பிடாது."

"கேப்பேன் சேச்சி" என்றார் ஸ்ரீகலா.

நாலரை மணிப் பேருந்தில் செலின் அக்கா நெய்யாற்றின்கரை வழியாகப் பொழியூருக்குக் கிளம்பினார். சன்னல் வழியே, "போயிட்டு வாறேன் மக்கா" என்று என்னிடமும், "டீச்சரே" என்று ஸ்ரீகலாவிடமும் கையசைத்தார். அந்த ஒரு சொல்லைப் பேருந்தில் இருந்த எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்.

நான் பிறந்து வளர்ந்த பாளையங்கோட்டையில் கைவினை என்றால் கண்காட்சி நினைவுக்கு வரும்: கண்ணாடிப் பேழை, அருகில் ஒரு விளக்க அட்டை, தொடாதீர் என்ற எச்சரிக்கை. இங்கே ஒரே டிஷ்ஷில் ஒரு நாள் பால் உறைகிறது, வேறொரு நாளில் நிறம் மிதக்கிறது. இரண்டும் ஒரே கூரையின் கீழ் காய்கின்றன. கலை என்று தனியாக ஓர் அறை இல்லாததால்தான் அந்தத் தவறு நேர்ந்தது. அதைச் சரிசெய்யத் தேவைப்பட்டவை எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்ததும் அதனால்தான். என் ஊரைக் குறைத்துச் சொல்வது என் நோக்கமன்று. ஆனால், நான் நேற்றுவரை முகமறியாத ஒரு பெண், ஒன்றரை மணி நேரத்தில் தம் பாடத்தை வேறொன்றாக மாற்றி நடத்தியதைக் கண்டேன். அதை ஊர்ப் பெருமை போல என்னுடையதாகவும் எண்ணிக்கொள்கிறேன். இதழுக்கு மூன்று தாள்கள்தாம் மிஞ்சின. மூன்றும் கரியும் நீலமும்.

இரவு அங்கேயே தங்கினேன்.

மறுநாள், ஞாயிறு, காலை ஏழு மணிக்கு ஸ்ரீகலாவும் நானும் தோடு எனப்படும் சிற்றோடையின் கரைக்குப் போனோம். இவர்களுடைய தூரிகை கைதையின் விழுது. நம் பக்கம் தாழை என்கிறோம். விரல் கனத்தில் தொங்கும் விழுதைச் சாண் அளவுக்கு வெட்டி, நுனியைக் கல்லின் மேல் வைத்து இன்னொரு கல்லால் இடித்தால், சதை நீங்கி நார் மட்டும் பிரிந்து நிற்கும். மோகனன் அண்ணன் வெட்டிப் போட்டார். நாங்கள் இருவரும் எதிரெதிராக அமர்ந்து இடித்தோம். எனக்கு அது எளிதாகவே தோன்றியது. ஐந்தாறு முடித்து அவர் பக்கம் நகர்த்தி வைத்தேன்.

ஸ்ரீகலா ஒவ்வொன்றாக எடுத்து, நாரைக் கன்னத்தில் தேய்த்துப் பார்த்தார். இரண்டைத் தம் குவியலில் சேர்த்தார். மற்றவற்றை என் கல்லின் மேல் திருப்பி வைத்தார்.

"இது பிள்ளையளுக்க கையில போறதாக்கும். வெள்ளத்தைக் குத்தப்பிடாது" என்றார். "பைய இடி. திரும்பச் செய்."

"சரி, டீச்சர்" என்றேன். முதல் விழுதை எடுத்து, நுனியைத் திருப்பி வைத்து, மறுபடி இடிக்கத் தொடங்கினேன்.